எண்பதைத் தாண்டியவருக்கு வயிற்றுப் பெருந்தமனி வீக்கம்: ஈவார் சிகிச்சைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புராஸ்டேட் தொந்தரவுக்காகவோ பித்தப்பைக் கல்லுக்காகவோ வயிற்று ஸ்கேன் எடுக்கப் போவார்கள். ரிப்போர்ட்டின் கடைசியில் யாரும் எதிர்பார்க்காத ஒரு வரி இருக்கும்: வயிற்றுப் பெருந்தமனி 5.8 செ.மீ. விரிந்திருக்கிறது. வயதானவர்களுக்கு இந்த வீக்கம் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது. அதுவரை அவருக்கு வலியோ தொந்தரவோ இருந்திருக்காது. அன்று சாயங்காலமே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "வெடிச்சா ஆளே போயிடுவாரு, உடனே பண்ணிடணும்" என்பது ஒன்று. "இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு, நிம்மதியா விடுங்க" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியும் அவசரப்படுகின்றன.

இந்தக் கட்டுரை அந்த வீட்டுக்காரர்களுக்காக. வயிற்றைத் திறக்காமல், தொடை இடுக்கில் உள்ள ரத்தக்குழாய் வழியாக வீக்கத்துக்குள் ஒரு உறையை வைத்துச் செய்யும் ஈவார் சிகிச்சையைப் பற்றியது. சிகிச்சை நடக்கும் இரண்டு மணி நேரத்தைவிட அதற்கு முந்தைய சில வாரங்களைப் பற்றியே இதில் அதிகம் எழுதியிருக்கிறேன். மிக வயதானவர்கள் விஷயத்தில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த வாரங்கள்தான்.

முதலில் அடிப்படை. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, அதாவது அயோர்ட்டா, வயிற்றுக்குள் இறங்கும் இடத்தில் சுமார் 2 செ.மீ. அகலம் இருக்கும். அது 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால் அனியூரிசம் என்கிறார்கள். சைக்கிள் டயரில் ஓரிடம் மட்டும் தேய்ந்து புடைத்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி. புகைபிடிக்கும் பழக்கம், ஆண் என்பது, வயது, குடும்பத்தில் யாருக்காவது இருந்தது, இவைதான் முக்கியக் காரணங்கள். பீடியை விட்டு இருபது வருடம் ஆகியிருந்தாலும் பழைய கணக்கு கொஞ்சம் பாக்கி இருக்கும்.

படி 1: இது அவசரமா என்று பாருங்கள்

தற்செயலாகக் கண்டுபிடித்த, வலியில்லாத வீக்கத்துக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. சில நாட்கள் அல்ல, பெரும்பாலும் சில வாரங்கள். ஆனால் புதிதாக வயிற்று வலி, முதுகு வலி, விலாப்பக்க வலி, அதனுடன் தலைசுற்றல், வியர்வை, மயக்கம் என்று வந்தால் யோசனைக்கு இடமில்லை. 108-ஐக் கூப்பிட்டு, ரத்தநாள அறுவை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போதே "இவருக்கு அயோர்ட்டாவில் வீக்கம் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஒரு எச்சரிக்கை. வாழ்நாளில் கல் அடைப்பே வராத முதியவருக்கு எழுபது வயதுக்கு மேல் திடீரென "சிறுநீரகக் கல் வலி" வந்தால், ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பும் முன் பெருந்தமனியைப் பார்க்கச் சொல்லுங்கள். கசிய ஆரம்பித்த அனியூரிசம் கல் வலி போலவே நடிக்கும். தவறாகக் கணிக்கப்படும் இடம் இது.

படி 2: அளவைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரண ஸ்கேனில் வந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். அது ஆளுக்கு ஆள் சில மி.மீ. மாறும். சிகிச்சை பற்றிய பேச்சு என்றால், ரத்தக்குழாய்களைத் தெளிவாகக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் வேண்டும். ரத்தக்குழாய் வளைந்து போகும் இடத்தில் உடம்புக்குக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அகலம் அதிகமாகத் தெரியும். குழாயின் போக்குக்குச் செங்குத்தாக அளந்தார்களா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. என்பதுதான் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கும் எல்லை. பெண்களுக்குச் சின்ன அளவிலேயே வெடிக்கும் ஆபத்து உண்டு என்பதால் எல்லை குறைவு. அதற்குக் கீழே இருந்தால் கண்காணித்தாலே போதும் என்பதைப் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. 4 முதல் 5.5 செ.மீ. வரை உள்ள வீக்கத்தை முன்கூட்டியே ஆபரேஷன் செய்ததால் யாருடைய ஆயுளும் கூடவில்லை. வருடத்துக்கு 1 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால் மட்டும் கதை வேறு.

ஒன்று சொல்ல வேண்டும். 88 வயதில் 3.6 செ.மீ. வீக்கம் என்றால் அதைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து என்ன ஆகப்போகிறது? பொதுவாக வருடத்துக்கு 2, 3 மி.மீ. வளர்வது அது. எல்லையைத் தொட அவர் நூறை நெருங்க வேண்டும். மருத்துவரோடு பேசி, ஸ்கேனையே நிறுத்திவிடுவது நியாயமான முடிவாக இருக்கலாம்.

படி 3: பிறந்த தேதியை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்

1987-இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வோலோடோஸ் என்ற அறுவை மருத்துவர் மார்புப் பெருந்தமனிக்குள் இப்படிக் குழாய் வழியாக உறை வைத்தார். 1990 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி என்ற அறுவை மருத்துவர் வயிற்றுப் பெருந்தமனியில் செய்தார். பரோடியின் நோக்கமே, வயிற்றைத் திறக்கும் ஆபரேஷனைத் தாங்க முடியாதவர்களுக்கு ஒரு வழி கண்டுபிடிப்பதுதான். நுரையீரல் கெட்டவர்கள், இதயம் பலவீனமானவர்கள், வயதானவர்கள்.

பிறகு பிரிட்டனில் இரண்டு ஆய்வுகள் நடந்தன. ஈவார் 1 ஆய்வு, எந்த ஆபரேஷனையும் தாங்கக்கூடியவர்களிடம் நடந்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் ஈவார் பக்கம் 1.8 சதவீதம், திறந்த ஆபரேஷன் பக்கம் 4.3 சதவீதம். ஈவார் 2 ஆய்வு, திறந்த ஆபரேஷனைத் தாங்க முடியாது என்று ஒதுக்கப்பட்ட 404 பேரிடம் நடந்தது. பாதிப் பேருக்கு ஈவார், பாதிப் பேருக்கு எதுவும் செய்யவில்லை. ஈவார் செய்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 7.3 சதவீதம். அதன் பிறகு, வீக்கம் வெடித்து இறப்பது குறைந்தது உண்மை. ஆனால் மொத்தத்தில் எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று பார்த்தால் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. வீக்கம் எடுத்துக்கொள்ளாத உயிரை இதயமும் நுரையீரலும் எடுத்துக்கொண்டன.

யாருக்காகக் கண்டுபிடித்தார்களோ அவர்களுக்கே ஆயுளைக் கூட்டித் தரவில்லை என்பது இந்தச் சிகிச்சையின் விசித்திரம். ஆகவே "வயிற்றைக் கிழிக்கவில்லை, சின்ன துளைதான், அதனால் எந்த வயதிலும் செய்யலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். துளை சின்னதுதான். அதைத் தாங்கும் உடல் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

87 வயதில் காலையில் தானே நடந்து போய்ப் பால் வாங்கி வருபவரும், 79 வயதில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கைதாங்கல் தேவைப்படுபவரும் ஒன்றல்ல. இந்த இரண்டு பேரில் முதலாமவருக்கே ஈவார் பொருந்த வாய்ப்பு அதிகம். இதை அளக்க முதுமை மருத்துவர்கள் 1 முதல் 9 வரை செல்லும் ஒரு தளர்ச்சி அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். 1 என்றால் திடகாத்திரம், 9 என்றால் வாழ்வின் கடைசிக் கட்டம். அந்த எண்ணை மருத்துவரிடம் கேட்கலாம். கேட்காவிட்டாலும் வீட்டிலேயே பாதி தெரிந்துவிடும். கடந்த ஆறு மாதத்தில் எடை குறைந்திருக்கிறதா? எத்தனை முறை விழுந்தார்? தானே குளிக்கிறாரா? மாத்திரைகளைத் தானே சரியாக எடுக்கிறாரா? ஒரு மாடி ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறதா? மதியம் சாப்பிட்டது சாயங்காலம் நினைவில் இருக்கிறதா? பதில்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். எல்லாக் கேள்விக்கும் "நல்லாத்தான் இருக்காரு" என்று மட்டும் பதில் சொன்னால் மருத்துவருக்கு எதுவும் விளங்காது.

பரிசோதனைகளில் மூன்று முக்கியம். இதயத்துக்கு எக்கோ. நுரையீரல் சந்தேகம் இருந்தால் ஊதிப் பார்க்கும் சோதனை. சிறுநீரகத்துக்கு கிரியாட்டினின். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. எலும்பும் தோலுமாக இருக்கும் பாட்டிக்கு 1.1 என்று வந்தால் தாளில் நார்மல் என்றுதான் இருக்கும். வயதையும் சேர்த்துக் கணக்கிட்ட இ.ஜி.எஃப்.ஆர். எண்ணைப் பார்த்தால் சிறுநீரகம் பாதி திறனில்தான் ஓடுகிறது என்பது தெரியவரலாம். ஈவாருக்கும் அதன் பின் எடுக்கும் சி.டி.க்கும் ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக டை என்ற மருந்தைச் செலுத்துவார்கள், அது சிறுநீரகத்துக்குச் சுமை. அந்த எண் இல்லாமல் பேச்சைத் தொடங்காதீர்கள்.

இன்னொரு சுவாரசியமான விஷயம். வீக்கத்தைப் பார்க்க எடுத்த அதே சி.டி. படத்தில் முதுகெலும்பின் இருபக்கமும் ஓடும் சோவாஸ் என்ற தசையும் தெரியும். அது மெலிந்துபோயிருந்தால் ஆபரேஷனுக்குப் பின் தேறுவது கடினம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கூடுதல் செலவு கிடையாது. "தசை எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

படி 4: இரண்டு ஆபத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

"வெடித்துவிடும்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு எண் இருக்க வேண்டும். ஆபரேஷன் செய்ய முடியாத முன்னாள் ராணுவத்தினரை அமெரிக்காவில் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 2002-இல் வெளியானது. 5.5 முதல் 5.9 செ.மீ. வீக்கம் ஒரு வருடத்தில் வெடிக்கும் வாய்ப்பு 9.4 சதவீதம், 6 முதல் 6.9 வரை 10.2, 7-க்கு மேல் 32.5 என்று அது சொன்னது. இன்றும் பல இடங்களில் இந்த எண்களைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்து 2015-இல் வெளியான ஒரு தொகுப்பில் ஆபத்து மிகக் குறைவாக வந்தது. 5.5 முதல் 6 வரை 3.5 சதவீதம், 7-க்கு மேல் 6.3 சதவீதம். எது சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. 5.6 செ.மீ. வீக்கத்தோடு இந்த வருடத்தைக் கடப்பவர்களே பெரும்பான்மை என்பது இரண்டிலும் பொது.

அதற்கு எதிர்ப்பக்கம் வைக்க வேண்டியவை: இந்த மருத்துவமனையில் இந்த வயதினருக்கு 30 நாள் ஆபத்து எவ்வளவு, வீக்கம் இல்லாவிட்டால் இவர் இன்னும் எத்தனை வருடம் இருப்பார், ஆபரேஷனுக்குப் பின் இப்போது இருக்கும் நடமாட்டம் திரும்புமா. மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "டாக்டர், இவருக்கு இந்த வீக்கமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் இருப்பார் என்று நினைக்கிறீர்களா?" இல்லை என்றால், 5.7 செ.மீ.க்கு ஈவார் செய்வதில் அர்த்தம் குறைவு. ஆமாம் என்றால், அதுவும் வீக்கம் 6.5-ஐத் தாண்டியிருந்தால், தட்டு மறுபக்கம் சாய்கிறது.

வயதானவருக்குச் சாதகமான விஷயமும் உண்டு. ஈவாரின் பலவீனம் நீண்ட காலத்தில்தான் தெரியும். ஈவார் 1 ஆய்வில் எட்டு வருடத்துக்குப் பிறகுதான், உறைக்கு வெளியே கசிந்து வீக்கம் மறுபடி வெடிப்பது போன்ற காரணங்களால், திறந்த ஆபரேஷன் செய்தவர்கள் முந்தினார்கள். 62 வயதுக்காரருக்கு இது கவலை. 86 வயதுக்காரருக்கு இது பெரிய கவலையில்லை. உடல் தெம்போடு இருக்கும் மூத்தவருக்கு ஈவார் அழகாகப் பொருந்துவது இதனால்தான்.

படி 5: அவரிடமே கேளுங்கள்

ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு இதே வீக்கம் இருந்தது. 1948-இல் ருடால்ஃப் நிசென் என்ற அறுவை மருத்துவர் அதைச் செலஃபேன் தாளால் சுற்றிவைத்தார், அந்தக் காலத்தில் அதுதான் வழி. 1955 ஏப்ரலில் அது கசியத் தொடங்கியபோது புதிய ஆபரேஷன் முறை வந்திருந்தது. ஐன்ஸ்டைன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 76 வயதில் இறந்தார்.

மைக்கேல் டிபேக்கியின் கதை நேர் எதிர். பெருந்தமனி அறுவையின் முன்னோடியே அவர்தான், தன் கையால் தையல் இயந்திரத்தில் செயற்கைக் குழாய் தைத்தவர். 2005-இன் கடைசி நாளில், 97 வயதில், அவருடைய பெருந்தமனியே உள்ளுக்குள் கிழிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்றார். நினைவு தப்பிய பிறகு, ஹூஸ்டன் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு கூடிப் பேசி, 2006 பிப்ரவரியில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தேறி எழுந்து, செய்தது நல்லது என்று சொன்னார், 99 வயது வரை இருந்தார். இது ஈவார் அல்ல, நோயும் வேறு. ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லிக் குடும்பங்களை நம்பவைப்பவர்கள் உண்டு. அவருக்குக் கிடைத்த கவனிப்பு உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளில் பெரியவரிடம் விஷயத்தையே மறைப்பது வழக்கம். "அப்பாவுக்குத் தெரிஞ்சா பயந்துடுவாரு" என்பார்கள். அவர் உடம்பு, அவர் முடிவு. "அப்பா, வயித்துல ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. விட்டா ஒரு நாள் வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். சரிபண்ண ரெண்டு, மூணு நாள் ஆஸ்பத்திரியில இருக்கணும். உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் தெளிவாகப் பதில் சொல்வார்கள். சிலருக்குச் சாவு பயமில்லை, படுக்கையில் விழுவதுதான் பயம். அந்தப் பதில் முடிவையே மாற்றும்.

படி 6: உறை பொருந்துமா என்று படத்தில் பார்ப்பது

செய்யலாம் என்று முடிவானால் அடுத்தது உடலமைப்பு. துணியும் உலோக வலையும் சேர்ந்த ஒரு உறையை, அதாவது ஸ்டென்ட் கிராஃப்டை, வீக்கத்துக்கு உள்ளே வைத்து ரத்தத்தை அதன் வழியாகத் திருப்புவதுதான் ஈவார். உறை மேலே பற்றிக்கொள்ள, சிறுநீரகத்துக்குப் போகும் குழாய்களுக்குக் கீழே 1 முதல் 1.5 செ.மீ. நல்ல சுவர் வேண்டும். இதைக் கழுத்து என்பார்கள். கழுத்து குட்டையாகவோ, கோணலாகவோ, சுண்ணாம்பு படிந்தோ இருந்தால் பிடி நிற்காது. கீழே, இடுப்பிலிருந்து காலுக்குப் போகும் குழாய்கள் கருவி நுழையுமளவு அகலமாக இருக்க வேண்டும். மிக வயதானவர்களுக்கு இவை பாம்பு மாதிரி சுருண்டு கிடப்பது சகஜம். பெண்களுக்கு அகலம் குறைவு என்பதும் சேர்ந்துகொள்ளும்.

கழுத்து போதாதென்றால், சிறுநீரகக் குழாய்களுக்குத் துளை விட்டுத் தைத்த சிறப்பு உறைகள் உண்டு. அவை நேரம் பிடிப்பவை, டை அதிகம், விலை அதிகம், தயாரித்து வர வாரக்கணக்கில் ஆகும். 85-க்கு மேல் அந்த வழியில் போவதானால் படி 4-க்குத் திரும்பிப் போய்க் கணக்கை மறுபடி போடுங்கள். சாதாரண ஈவாரின் எண்கள் அதற்குப் பொருந்தாது.

படி 7: பணமும் தயாரிப்பும்

செலவில் பெரும்பங்கு உறைக்குப் போகும். இதய ஸ்டென்டுக்கு 2017-இல் அரசு வைத்த விலை உச்சவரம்பு இதற்குக் கிடையாது. "பேக்கேஜ்" என்று ஒரு தொகை சொன்னால், கூடுதல் துண்டு தேவைப்பட்டால் அதன் விலை அதற்குள் வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். நடுவில் கூடுதல் துண்டு தேவைப்படுவது அபூர்வம் அல்ல. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் ரூபாய் வரை தரும் மத்திய அரசின் வய வந்தனா திட்டம் 2024 அக்டோபரில் வந்தது. அதிலோ மாநிலக் காப்பீட்டிலோ அந்த மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு இடமிருக்கிறதா என்று காப்பீட்டு மேசையில் முன்பே விசாரியுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்கென்றே தனித் துறை உண்டு, தனியாரில் சொன்னதை அங்கே ஒரு முறை காட்டிக் கேட்பது வீண்போகாது.

மாத்திரைகள். ஆஸ்பிரினும் ஸ்டேட்டினும் பொதுவாகத் தொடரும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அபிக்சபான் போன்றவை எடுத்தால் எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்று தேதி போட்டு வாங்குங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். டை செலுத்துவதால், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்லலாம். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளை இப்போதே நிறுத்துவது சிறுநீரகத்துக்கு நல்லது. நாட்டு மருந்து, லேகியம் எதுவாக இருந்தாலும் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டுங்கள், திட்டு விழும் என்று மறைக்காதீர்கள்.

ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதை நினைவில் வையுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் என்ற வகை ஆன்டிபயாடிக்குகள் பெருந்தமனிச் சுவரைப் பலவீனமாக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. நம் ஊரில் நீர்க்கடுப்புக்கும் வயிற்றுப்போக்குக்கும் சட்டென்று எழுதித் தருவது இவற்றைத்தான். அனியூரிசம் இருப்பதைச் சொல்லி, வேறு மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள்.

நாள் குறித்த பின் இருக்கும் வாரங்களில் தினமும் நடக்க வையுங்கள். பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று புரதம் கூடட்டும். பீடி, சிகரெட் இப்போது நிறுத்தினாலும் நுரையீரலுக்குப் பயன் உண்டு. காலில் ஆறாத புண், சொத்தைப் பல் இருந்தால் முதலில் சரிசெய்யுங்கள், உறையில் கிருமி ஏறினால் எடுப்பது மகா கஷ்டம்.

படி 8: அந்த நாள்

கேத் லேபிலோ எக்ஸ்ரே வசதியுள்ள ஆபரேஷன் தியேட்டரிலோ நடக்கும். முழு மயக்கம் கட்டாயமில்லை. நுரையீரல் பலவீனமான முதியவருக்குத் தொடை இடுக்கை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்ய முடியுமா என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். அசையாமல் மல்லாந்து படுக்க முடியாதவர்களுக்கு அது சரிவராது.

இரண்டு தொடை இடுக்கிலும் துளையிட்டு, அல்லது சின்னதாகக் கீறி, கம்பி ஏற்றுவார்கள். ரத்தம் உறையாமல் ஹெப்பாரின் தருவார்கள். டை செலுத்திச் சிறுநீரகக் குழாய்கள் எங்கே பிரிகின்றன என்று குறித்துக்கொள்வார்கள். மடித்து வைத்த உறையை அதற்குச் சற்றுக் கீழே விரிப்பார்கள். பேன்ட் போல இரண்டு காலாகப் பிரியும் உறை அது. ஒரு கால் அதனோடேயே வரும், இன்னொன்றை மறுபக்கத் தொடை வழியாகக் கொண்டுபோய் இணைக்க வேண்டும். வளைந்த குழாய்களில் நேரத்தைத் தின்பது அந்த இணைப்புதான். பிறகு பலூனால் அழுத்திப் பொருத்தி, மறுபடி டை விட்டுக் கசிவு பார்ப்பார்கள். சிக்கல் இல்லையென்றால் ஒன்றரை முதல் மூன்று மணி நேரம். சிறுநீரகம் மோசமாக இருந்தால் டைக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை வைத்துப் பெரும்பகுதியைச் செய்யும் மையங்களும் உண்டு.

படி 9: ஆஸ்பத்திரியில் அடுத்த மூன்று நாள்

சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். இடுக்கில் வீக்கம், பாதத்தில் நாடி, சிறுநீரின் அளவு, மூன்றையும் நர்ஸ்கள் பார்ப்பார்கள். முதல் சில நாள் காய்ச்சல் வந்து வெள்ளணுக்கள் கூடினால் உடனே பதற வேண்டாம். புதிய உறைக்கு உடல் காட்டும் எதிர்வினை அது, பல பேருக்கு வரும், தானாக அடங்கும். கிருமித் தொற்று இல்லை என்று மருத்துவர் உறுதிசெய்தால் போதும்.

குடும்பம் உண்மையில் உதவக்கூடிய இடம் மனக்குழப்பம். நன்றாக இருந்தவர் ராத்திரி ஐசியுவில் திடீரென "வண்டி வந்துடுச்சு, கிளம்பு" என்று எழுந்து ட்யூபைப் பிடுங்குவார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று வீட்டில் அழுவார்கள். மிக வயதானவர்களுக்கு இது அடிக்கடி வருவது, பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடி, காது கருவி, பல்செட் மூன்றையும் முதல் நாளே கொண்டுபோய்க் கொடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்க அனுமதி கேளுங்கள். பகலில் வெளிச்சம், ராத்திரியில் தூக்கம். தூக்க மாத்திரை போட்டு அடக்குவது பல நேரம் குழப்பத்தைக் கூட்டும். குடிப்பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் முன்பே சொல்லிவிடுங்கள், திடீரென நிறுத்தினாலும் இதே கலவரம் வரும்.

எழுந்து நடக்க எவ்வளவு சீக்கிரம் விடுகிறார்களோ அவ்வளவு நல்லது.

படி 10: வீட்டுக்கு வந்த பிறகு

சில வாரம் கனமான பொருளைத் தூக்கக் கூடாது, இடுக்குக் காயம் காய்ந்திருக்க வேண்டும். ஒரு கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறி வலித்தால் உறையின் ஒரு கால் அடைத்திருக்கலாம், அன்றே போக வேண்டும். நடந்தால் புட்டத்தில் வலி வந்தால் இடுப்புக் குழாய் ஒன்றை அடைத்ததன் விளைவு, பெரும்பாலும் மெல்லக் குறையும். மாதங்கள் கழித்துக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் உறை இருப்பதை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

ஒரு மாதத்தில் சி.டி., பிறகு வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பது வழக்கம். உறைக்கு வெளியே வீக்கப் பைக்குள் ரத்தம் போவதை எண்டோலீக் என்பார்கள். உறையின் முனையில் கசிந்தாலோ துண்டுகள் பிரிந்து கசிந்தாலோ சரிசெய்ய வேண்டும். பக்கத்துச் சின்னக் குழாய்களிலிருந்து பின்னோக்கி வரும் இரண்டாம் வகைதான் அதிகம். பை பெரிதாகாத வரை அதைத் தொட வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் "லீக்" என்ற சொல்லைப் பார்த்துத் தூக்கத்தைத் தொலைப்பதற்கு முன் எந்த வகை என்று கேளுங்கள். சிறுநீரகம் பலவீனமானவருக்கு டை இல்லாத டாப்ளர் ஸ்கேனிலேயே கண்காணிக்கலாம். கசிவு கண்டுபிடித்தாலும் மறுபடி எதுவும் செய்துகொள்ள மாட்டேன் என்று 91 வயதில் அவர் சொல்கிறார் என்றால், அடுத்த ஸ்கேன் எதற்கு என்ற கேள்வி நியாயமானது.

வேண்டாம் என்று முடிவெடுத்தால்

அதுவும் ஒரு சிகிச்சைத் திட்டம்தான், திட்டமில்லாமல் இருப்பதுதான் தவறு. ரத்த அழுத்தம் கட்டுக்குள், புகை நிறுத்தம், நடை தொடரட்டும். மலச்சிக்கல், தும்மல், மாடிப்படி எதற்கும் பயந்து பெரியவரைக் கட்டிலோடு கட்டிப்போட வேண்டாம்.

ஒரு நாள் ராத்திரி வெடித்தால் என்ன செய்வது என்பதை இப்போதே பேசிவையுங்கள். வெடித்த பிறகும் ஈவார் செய்ய முடியும். ஆனால் பிரிட்டனின் இம்ப்ரூவ் ஆய்வில், மருத்துவமனை வரை உயிரோடு வந்து சேர்ந்தவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் 30 நாளுக்குள் இறந்தார்கள், ஈவார் வழியை எடுத்தாலும் திறந்த ஆபரேஷன் வழியை எடுத்தாலும். அமைதியான நாளில் வேண்டாம் என்றவரை அந்த ராத்திரியில் ஆம்புலன்ஸில் ஏற்றி தியேட்டருக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் பதற்றத்தில் எடுக்கும் முடிவு. வீட்டிலேயே இருக்க விரும்புகிறார் என்றால், வலியைக் குறைக்க யாரைக் கூப்பிடுவது, மார்ஃபின் எப்படிக் கிடைக்கும் என்று உள்ளூர் வலிநிவாரண மருத்துவக் குழுவிடம் முன்பே பேசுங்கள்.

எழுதியும் வையுங்கள். உயிர்காப்புச் சிகிச்சையை மறுக்கும் முன்விருப்ப ஆவணத்தை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளுடன் நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும் என்றது. அதன் நகல் ஒன்று குடும்ப மருத்துவரிடமும், ஒன்று வெளியூரில் இருக்கும் பிள்ளையிடமும் இருக்கட்டும். விமானத்தில் வந்து இறங்கியதும் "ஏன் எதுவுமே செய்யலை?" என்று முதலில் கேட்பவர் பெரும்பாலும் அவர்தான்.